வேடம் போட்டவர் வரம் கொடுத்தால்: நம்பிக்கையைக் கேலி செய்யும் நாவல் பற்றிய கேள்விக்கு ஒரு பதில்

மற்றவர்களுக்கும் விளங்க வேண்டும் என்பதால், உங்கள் நாவலின் கதையை நீங்கள் எழுதியிருந்தபடியே முதலில் சொல்லிவிடுகிறேன். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் ஒருவர் முப்பது ஆண்டுகளாகக் கடவுள் இல்லை என்று சொல்லி வருபவர். அதே ஊரின் குகைப் பகுதியில், ஆடித் திருவிழாவில் சாமி வேடமிட்டவர்கள் வண்டிகளில் ஊர்வலம் வரும் வண்டி வேடிக்கையில் சிவன் வேடம் போட வேண்டிய ஆள் காய்ச்சலில் படுத்துவிட, மைத்துனரின் நச்சரிப்பைத் தாங்க முடியாமல் அந்த வேடத்தை இவர் போட்டுக்கொள்கிறார். வண்டி நகரும்போது ஒரு பெண் கையெடுத்துக் கும்பிட்டு ஏதோ கேட்க, மேளச் சத்தத்தில் அது என்னவென்றே காதில் விழாமல், "சரிம்மா, நடக்கும்" என்று சொல்லிவிடுகிறார். அது நடந்துவிடுகிறது. மறுநாள் முதல் பட்டறை வாசலில் கூட்டம். இதைப் படித்த பக்தியுள்ள நண்பர் சாமியை இழிவுபடுத்துகிறீர்கள் என்கிறார். கருப்புச் சட்டை நண்பரோ பின்வாசல் வழியாகப் பக்தியைக் கொண்டுவருகிறீர்கள் என்கிறார். யார் சொல்வது சரி, எந்த அத்தியாயத்தை நீக்க வேண்டும், வழக்கு ஏதும் வருமா என்று மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். மூன்றுக்கும் அடியில் கிடப்பது ஒரே கேள்விதான்: கடவுள் உண்டா இல்லையா என்பதை ஆசிரியர் முடிவு செய்யாமலே, அதைப் பற்றிய நகைச்சுவை நாவலை முடிக்க முடியுமா? முடியும் என்பது என் பதில். அப்படி முடிப்பதுதான் நம் வழக்கத்துக்கும் பொருந்தும் என்று கருதுகிறேன்.

நான் சேலத்தில் 28 ஆண்டுகள் தமிழ் கற்பித்தவன். பக்தி இலக்கியம்தான் அதில் பெரும்பகுதி. ஓய்வு பெற்ற பிறகு நண்பர்களின் கையெழுத்துப் படிகளைப் படித்துத் திருத்திக் கொடுத்து வருகிறேன். ஆகையால் பாடல், நாடகம், கதை ஆகியவற்றைப் பற்றி நான் சொல்வதைப் பாடம் நடத்தியவன் சொல்வதாக எடுத்துக்கொள்ளலாம். சட்டத்தைப் பற்றிச் சொல்வதைச் செய்தித்தாளையும் தீர்ப்புகளையும் படிக்கும் ஒரு குடிமகன் சொல்வதாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

மதத்தைக் கேலி செய்யும் நாவல் என்றதும் பலரும் பிரெஞ்சு எழுத்தாளர் வோல்தேரின் 'கான்டீட்'டை முன்மாதிரியாகக் காட்டுவார்கள். 1759-இல் வந்த அந்நூலின் குறி ஒரு கோட்பாடு. இருக்கக்கூடிய உலகங்களில் இதுவே மிகச் சிறந்தது என்று ஜெர்மன் தத்துவ அறிஞர் லைப்னிட்ஸ் 1710-இல் எழுதிய இறையியல் வாதத்தை, 1755 நவம்பர் 1 அன்று, புனிதர் அனைவருக்குமான திருநாளில், தேவாலயங்கள் நிறைந்திருந்த வேளையில் லிஸ்பனைத் தரைமட்டமாக்கிய நிலநடுக்கத்தோடு மோதவிட்டால் என்ன ஆகும் என்பதே அதன் விளையாட்டு. அங்கே நம்பிக்கை என்பது ஒரு வாக்கியம். அந்த வாக்கியம் மெய்யா பொய்யா என்பதே ஐயம். கோட்டை மாரியம்மன் கோயில் வாசலில் ஆடி மாதத்தில் அரைமணி நேரம் நின்று பார்த்தால், நம் ஊரில் நம்பிக்கை அந்த உருவத்தில் இல்லை என்பது தெரியும். மாவிளக்கு ஏந்தியும், உப்பும் மிளகும் வாங்கிக்கொண்டும், ஈரச் சேலையோடு உருண்டும் வருகிறவர்களிடம் கடவுள் இருக்கிறார் என்று நிறுவுங்கள் என்றால், உங்களைப் பைத்தியக்காரர் என்று நினைப்பார்கள். அவர்கள் ஒரு வேண்டுதலின் நடுவில் இருக்கிறார்கள். அவள் கொடுத்தாள், இவர்கள் செலுத்துகிறார்கள். அல்லது இவர்கள் செலுத்துகிறார்கள், அவள் கொடுக்க வேண்டும். ஐயமும் அந்தக் கணக்குக்குள்ளேதான் பிறக்கிறது. அவள் காப்பாற்றுவாளா? நான் சொன்ன வாக்கை நான் காப்பாற்றுவேனா? ஆடு என்று நேர்ந்துகொண்டதைச் சேவலாகக் குறைத்துக்கொண்டால் கோபித்துக்கொள்வாளா? இங்கே எழுதப்படும் நகைச்சுவை நாவல் இந்தப் பேரத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும். உங்கள் பட்டறைக்காரர் காதில் விழாத வரத்துக்குச் 'சரி' சொன்ன இடத்தில் நீங்கள் அதை அறிந்தோ அறியாமலோ பிடித்துவிட்டீர்கள். கொடுக்கும் தரப்பில் ஆளே இல்லை என்று சொல்லி வந்தவர் அந்தத் தரப்பில் போய் உட்கார்ந்துவிட்டார்.

இது நம் இலக்கியத்துக்குப் புதிதன்று. பன்னிரண்டாம் நூற்றாண்டுப் பெரியபுராணத்தில் சுந்தரர் திருவொற்றியூரில் சங்கிலியாரை மணக்கும் பகுதியை, பக்தியைச் சற்று ஒதுக்கிவிட்டுக் கதையமைப்புக்காக மட்டும் ஒருமுறை படித்துப் பாருங்கள். உன்னைப் பிரியமாட்டேன் என்று அவர் சன்னிதியில் சத்தியம் செய்ய வேண்டும். பிரியப் போவது அவருக்கே தெரியும். எனவே சிவனிடமே போய், நான் சத்தியம் செய்யும் நேரத்தில் நீர் கருவறையில் இராமல் மகிழ மரத்தடிக்குப் போய்விடும் என்று கேட்டுக்கொள்கிறார். சிவனும் சம்மதிக்கிறார், சம்மதித்துவிட்டு, சங்கிலியாரின் கனவில் போய், மகிழடியில் சத்தியம் வாங்கிக்கொள் என்று சொல்லிவிடுகிறார். மறுநாள் மரத்தடிக்கு அழைக்கப்பட்ட மாப்பிள்ளையின் முகத்தை எண்ணிப் பாருங்கள். பின்னர் அந்தச் சத்தியத்தை மீறி ஒற்றியூர் எல்லையைத் தாண்டியதும் அவருக்கு இரு கண்களும் போகின்றன. திருவெண்பாக்கத்தில், கோயிலில் இருக்கிறீரா என்று கேட்டதற்கு "உளோம், போகீர்" என்ற விடையும் ஊன்றுகோல் ஒன்றும் கிடைக்கின்றன. இருக்கிறோம், போய் வாரும் என்னும் அந்த விடையைக் காட்டிலும் வறண்ட நகைச்சுவையை நான் அதிகம் படித்ததில்லை. காஞ்சியில் ஒரு கண் கிடைத்த பின், மற்றொன்றுக்காகத் திருவாரூரில் நின்று "வாழ்ந்து போதீரே" என்று பாடுகிறார். நீர் மட்டும் நன்றாக இரும் என்று மனம் வெறுத்துப் பேசும் குரல் அது. இவையனைத்தும் திருமுறையிலும் திருத்தொண்டர் வரலாற்றிலும் இருக்கின்றன, கோயில்களில் ஓதப்படுகின்றன. இதைப் படித்து எவரும் சேக்கிழார் சிவனை இழிவுபடுத்திவிட்டார் என்று சொன்னதில்லை. உங்கள் பக்தியுள்ள நண்பருக்குச் சொல்ல வேண்டிய பதில் இதுவே. ஆனால் ஒன்றைச் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்: சுந்தரர் திட்டுவது, உமக்கு என்றும் மீளாத அடிமை என்னும் பொருளில் "மீளா அடிமை" என்று அதே பாடலைத் தொடங்கிவிட்டுத்தான். உறவு இருப்பவர் திட்டுவதற்கும் உறவே இல்லாதவர் திட்டுவதற்கும் உள்ள வேறுபாட்டை வாசகர் ஒரே வரியில் மோப்பம் பிடித்துவிடுவார்.

உறவு இல்லாமல் வெளியிலிருந்து சிரித்தால் என்ன ஆகும் என்பதற்கும் நம்மிடம் சான்று உண்டு. இத்தாலியிலிருந்து வந்த பாதிரியார் வீரமாமுனிவர் எழுதிய பரமார்த்த குரு கதை, 1822-இல் லண்டனில் ஆங்கில மொழிபெயர்ப்புடன் அச்சானது. மட்டி, மடையன் முதலான சீடர்களும் குருவும் ஆற்றைக் கடக்கும் காட்சி இன்றும் குழந்தைகளைச் சிரிக்க வைக்கிறது. மடங்களைக் கேலி செய்ய எழுதினாரா, பேச்சுத் தமிழைப் பயிற்றுவிக்க எழுதினாரா என்பதில் அறிஞர்கள் இரு பக்கமும் நிற்கிறார்கள். நான் இரண்டும் கலந்தது என்றே எண்ணுகிறேன். எப்படியாயினும், அதில் குரு என்றாவது ஐயப்படுவதில்லை, ஆகவே நாமும் அவருக்காக ஒருபோதும் வருந்துவதில்லை. இருபது பக்கத்துக்கு அது போதும். முந்நூறு பக்க நாவல் அந்தச் சிரிப்பை வைத்துக்கொண்டு ஓடாது.

இதற்கு நேர் எதிரே நிற்பது ஏழாம் நூற்றாண்டில் முதலாம் மகேந்திரவர்மப் பல்லவன் வடமொழியில் எழுதிய மத்தவிலாசப் பிரகசனம் என்னும் கேலி நாடகம். காஞ்சியில் குடிபோதையில் திரியும் காபாலிகன், அதாவது மண்டையோடு ஏந்தும் சைவத் துறவி, ஒருவனின் மண்டையோட்டுக் கிண்ணம் காணாமல் போகிறது. அதில் இறைச்சி இருந்ததால் நாய் தூக்கிப் போய்விட்டது. பழி ஒரு பௌத்தத் துறவியின் தலையில் விழுகிறது. அந்தத் துறவியோ, நல்ல விருந்தைப் பிச்சையாகப் பெற்று வரும் வழியில், இவ்வளவு கருணையுள்ள புத்தர் மதுவையும் மாதரையும் மட்டும் ஏன் விலக்கினார், அனுமதித்த ஏட்டை வயதான பிக்குகள் பொறாமையால் ஒளித்து வைத்திருக்க வேண்டும் என்று யோசித்துக்கொண்டு வருகிறார். நம்பிக்கையாளரின் ஐயத்தை இதைவிட அழகாகக் காட்ட முடியாது. அவர் நூலைச் சந்தேகிக்கவில்லை, நூலின் முழுப் பிரதி தம் கையில் இல்லை என்றுதான் சந்தேகிக்கிறார். நாடகம் மகேந்திரனுடையது என்பது உறுதி. அவன் சமணத்திலிருந்து அப்பரால் சைவத்துக்கு வந்தான் என்பது மரபு. எந்தச் சமயத்தில் இருந்துகொண்டு இதை எழுதினான், யாரைக் குறிவைத்தான் என்று சொல்வோரெல்லாம் ஊகத்தில்தான் சொல்கிறார்கள். நாடகத்தை வைத்து ஆசிரியனின் நம்பிக்கையைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்பது அதன் குறையாக எனக்குத் தோன்றவில்லை. புதுமைப்பித்தன் 1943-இல் எழுதிய 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' கதையிலும் இதே நிலைதான். அங்கே கடவுள் சென்னைக்கு வந்து காப்பி குடிக்கிறார், பத்திரிகைச் சந்தாதாரர் ஆகிறார், தாமே ஆடிக் காட்டிய கூத்து கலை அறிந்தவருக்குப் பிடிக்காமல் திரும்புகிறார். அடி வாங்குவது கடவுளா, பட்டணமா என்று அடித்துச் சொல்ல முடியாது.

இனி உங்கள் படிக்கு வருகிறேன். நீங்கள் அனுப்பிய மூன்று அத்தியாயங்களில் இரண்டாவது, வண்டி வேடிக்கை அத்தியாயம், எனக்கு நிறைவளிக்கவில்லை. கும்பிடுகிற எல்லாரையும் ஏமாளிகளாகக் காட்டியிருக்கிறீர்கள். அவர்கள் வேடத்தை மெய்யென்று நம்பிவிட்டார்கள் என்பது போல. சில ஆண்டுகளுக்கு முன் குகையில் நான் கண்டதைச் சொல்கிறேன். வண்டிகள் வரிசைக்காகக் காத்திருந்தன. லாரியின் பின்பலகையில் புலித்தோல் அச்சிட்ட துணி உடுத்து, உடம்பெல்லாம் நீலம் பூசிய சிவன், உதட்டுச் சாயம் கலையாதிருக்க உறிஞ்சுகுழல் போட்டு டீ குடித்துக்கொண்டிருந்தார். ரப்பர் பாம்பு தோளிலிருந்து வழுக்கிக்கொண்டே இருந்தது. பார்வதி வேடம் போட்ட பையன் ஊக்கு தேடிக்கொண்டிருந்தான். ஒரு பாட்டி வந்து கைக்குழந்தையைச் சிவன் மடியில் வைத்து, "சாமி, ராத்திரி பூரா அழுவுது, கொஞ்சம் பாருங்க" என்றார். அந்த மனிதர் டீயைக் கீழே வைத்தார். சுற்றுமுற்றும் பார்த்தார். திருநீறு இல்லை. தம் நெற்றியில் பட்டையாகப் போட்டிருந்த வெள்ளைச் சாயத்தை விரலால் தொட்டு, குழந்தையின் நெற்றியில் வைத்தார். பாட்டி குழந்தையை வாங்கி இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டு, "டீ ஆறிப்போவுது, குடிங்க சாமி" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் லாரியில் உட்கார்ந்து டீ குடிக்கும் மனிதர் என்பது பாட்டிக்குத் தெரியாததா? தெரியும். சாமி என்பதும் தெரியும். இரண்டையும் ஒரே வாயால் சொல்ல அவருக்குத் தடையே இல்லை. திணறியது வேடம் போட்டவர்தான். உங்கள் அத்தியாயத்தில் திணற வேண்டியவரும் அவரே. கூட்டத்தை அறிவாளியாக்குங்கள், நகைச்சுவை தானாக இரட்டிப்பாகும்.

அடுத்து, உங்கள் நாயகரின் மறுப்பை நீங்கள் சிரிப்பிலிருந்து காப்பாற்றி வைத்திருக்கிறீர்கள். கருப்புச் சட்டை நண்பர் உங்களைத் தவறாகப் படித்ததற்குக் காரணம் இதுதான். நீங்கள் அவர் தரப்பை ஒருமுறைகூடச் சீண்டாததால், முடிவில் நாயகர் தடுமாறுவது அவருக்குத் தோல்வியாகத் தெரிகிறது. நம் ஊரில் மறுப்புக்கும் மரபு உண்டு. 1944 ஆகஸ்டில் நீதிக்கட்சி திராவிடர் கழகம் என்று பெயர் மாறியது சேலம் மாநாட்டில்தான். 1971 ஜனவரியில் இங்கே நடந்த மூடநம்பிக்கை ஒழிப்பு மாநாட்டு ஊர்வலம் மாநிலம் முழுவதும் சர்ச்சையானதும் பலருக்கு நினைவிருக்கும். மரபு என்று வந்துவிட்டால் அதற்கும் நாள், கிழமை, மாலை, படம் எல்லாம் வந்துவிடும். உங்கள் பட்டறைக்காரர் தலைவரின் பிறந்த நாளன்று படத்துக்கு மாலை போட ஆணி அடிக்கும்போது, எந்தத் திசை பார்த்து மாட்டலாம் என்று ஒரு கணம் தயங்கினால் போதும்; அவரை மதிப்பவர்களும் சிரிப்பார்கள். அவருடைய வாதங்களுக்கும் சற்றுக் கூர்மை வேண்டும். பெரியம்மை இந்தியாவில் 1975-க்குப் பிறகு இல்லை, உலக சுகாதார நிறுவனம் 1980-இல் உலகெங்கும் ஒழிந்தது என்று அறிவித்தது. ஊசி போட்டு அம்மையை ஒழித்தாயிற்று, அப்புறம் அம்மன் எதற்கு என்று அவர் கேட்கட்டும். அவருடைய மனைவி, அந்த வேலை முடிந்ததால்தான் இப்போது பையன்களின் மதிப்பெண்ணையும் பார்த்துக்கொள்ள அவளுக்கு நேரம் இருக்கிறது என்று சொல்லட்டும். இருவரில் யார் வென்றார் என்று நீங்கள் சொல்லாதீர்கள்.

வரம் பலித்த நிகழ்ச்சியை ஐந்தாம் அத்தியாயத்தில் ஒரு மருத்துவரைக் கொண்டு விளக்கப் போவதாக எழுதியிருந்தீர்கள். வேண்டாம் என்பது என் கருத்து. இது விதி என்று நான் சொல்லவில்லை, படித்துப் பழகியவனின் சுவை என்று வைத்துக்கொள்ளுங்கள். விளக்கினால் நாவல் துப்பறியும் கதையாகிவிடும். விளக்கவே முடியாது என்று அடித்துச் சொன்னால் தல புராணமாகிவிடும். அந்தப் பெண் என்ன கேட்டார் என்பதையே கடைசிவரை நாயகருக்குத் தெரியாமல் வைத்திருந்தால், பலித்ததா இல்லையா என்று அவரால் சோதிக்கவும் முடியாது, மறுக்கவும் முடியாது.

களச் செய்தியில் ஒரு பிழை இருக்கிறது. கூட்டத்துக்கு அஞ்சி நாயகர் ஏற்காட்டுக்கு ஓடி, அங்கே சேர்வராயன் கோயில் திருவிழாவில் மாட்டிக்கொள்கிறார் என்று வருகிறது. நல்ல கற்பனை, ஆனால் சேர்வராயன் திருவிழா மே மாதத்தில் நடப்பது. வண்டி வேடிக்கையோ ஆடியில், அதாவது ஜூலை பிற்பகுதிக்கும் ஆகஸ்ட் நடுப்பகுதிக்கும் இடையில். உள்ளூர் வாசகர் முதலில் கேட்பது இதைத்தான். திருவிழாவை விட்டுவிட்டு, ஆடி மழைச்சாரலில் ஆளில்லாத கோயிலுக்கு அவரை அனுப்புங்கள். சேர்வராயனும் காவேரியம்மனும் இருப்பது 1,600 மீட்டருக்கு மேல் உள்ள மலை உச்சியில் ஒரு குகைக்குள். குனிந்துதான் போக வேண்டும். முப்பது ஆண்டுகளாக எந்தச் சாமிக்கும் குனியாதவர், கூரை தாழ்வாக இருப்பதால் குனிகிறார். அதற்கு மேல் அங்கே ஒரு வரியும் தேவையில்லை.

வழக்கு பற்றி. 1927-இல் சேர்க்கப்பட்ட இந்தியத் தண்டனைச் சட்டம் 295ஏ பிரிவு, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 299-ஆம் பிரிவாக இருக்கிறது. தண்டனை மூன்று ஆண்டு வரை. திட்டமிட்ட, தீய நோக்கத்தோடு மத உணர்வைப் புண்படுத்துவதே அதில் குற்றம். அவமதிப்பு எல்லாமே குற்றமாகிவிடாது என்று உச்ச நீதிமன்றம் 1957-லேயே விளக்கியிருக்கிறது. நமக்கு மிக அருகில், பழைய சேலம் மாவட்டத்தின் பகுதியான திருச்செங்கோட்டைக் களமாகக் கொண்ட பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' நாவலுக்கு எதிர்ப்பு எழுந்தபோது, அமைதிப் பேச்சு என்ற பெயரில் ஆசிரியரிடம் எழுதி வாங்கப்பட்டது அவரைக் கட்டுப்படுத்தாது என்றும், பிடிக்காத நூலை வாசகர் தூக்கிப் போட்டுவிடலாம் என்றும் சென்னை உயர் நீதிமன்றம் 2016 ஜூலையில் தீர்ப்பளித்தது. இவை உறுதியானவை. ஆனால் சட்டம் கடைசியில் காப்பாற்றும் என்பதற்கும் நடுவில் தொல்லை வராது என்பதற்கும் தூரம் அதிகம். பதிப்புக்கு முன் ஒரு வழக்கறிஞரிடம் படியைக் கொடுங்கள். கோயில், திருவிழாச் செலவை ஏற்கும் கட்டளைதாரர், சமூகம் ஆகியவற்றின் உண்மைப் பெயர்களை மாற்றிவிடுங்கள். அச்சத்தால் சொல்லவில்லை; உண்மைப் பெயர் வந்தவுடன் வாசகர் கதையை விட்டுவிட்டு ஆளைத் தேடத் தொடங்கிவிடுவார்.

கடைசி அத்தியாயம். நாயகர் மேடையேறி மனிதரில் கடவுளைக் காண்பது பற்றி மூன்றரைப் பக்கம் பேசுகிறார். அதை முழுவதும் எடுத்துவிடுங்கள். அதற்கு முந்தைய காட்சியிலேயே நாவல் முடிந்துவிட்டது. மகளுக்குச் சின்னம்மை போட்டிருக்கிறது. மனைவி கேட்டுக்கொண்டதற்காக, அம்மனுக்கு நேர்ந்து செலுத்தும் வெள்ளிக் கண்மலர் செய்ய நள்ளிரவில் பட்டறையைத் திறக்கிறார். கோயில் வாசல் கடைகளுக்குத் தாம் வழக்கமாகக் கொடுக்கும் கலப்பு வெள்ளித் தகட்டை எடுக்கிறார். அது எத்தனை டச், அதாவது அதில் வெள்ளி எவ்வளவு சுத்தம், என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும். சற்று நேரம் கையில் வைத்திருந்துவிட்டு அதைத் திரும்ப வைத்து, பீரோவிலிருந்து கட்டி வெள்ளியை எடுத்து நிறுக்கிறார். தராசு முள் நிற்கும்வரை காத்திருக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அதில் ஒரே ஒரு திருத்தம்தான் உண்டு. இப்போது பட்டறைகளில் எல்லாம் மின்தராசுதான். முள் கிடையாது, எண்தான் ஓடும்.